ஐயா படம் ஏன் நம்மையே பார்க்கிறது?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். அவர் வீட்டு முகப்பில் மாமனாருடைய ஐயாவின் எண்ணெய் வண்ணப் படம் தொங்குகிறதாம். "தலைப்பாகையும் கடுக்கனுமாக இருப்பார். மெட்ராஸிலிருந்து பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால், விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார்கள். எந்த மூலையில் நின்றாலும் ஐயா பார்க்கிறாராம். நானும் தள்ளித் தள்ளி நின்று பார்த்தேன், வாஸ்தவம்தான். வாஸ்து பார்க்க வந்தவர் படத்தை இறக்கிவிட்டால் நல்லது என்கிறார். இதற்கு அறிவியலில் ஏதாவது காரணம் இருக்கிறதா?"

இருக்கிறது ஆச்சி. படத்தை இறக்க வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகள் கவனித்ததை ஏறக்குறைய 2,000 வருஷமாக மனிதர்கள் கவனித்து வருகிறார்கள். ரோமாபுரியில் ஃபாமுலஸ் என்ற ஓவியர் வரைந்த மினர்வா தேவியின் படம், எங்கிருந்து பார்த்தாலும் பார்ப்பவரையே பார்த்தது என்று முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். 1453-ல் குசாவின் நிக்கோலஸ் என்ற ஜெர்மானியக் கர்தினால் ஒரு படி மேலே போனார். டேகர்ன்சே மடத்துத் துறவிகளுக்கு ஒரு படத்தை அனுப்பி, அதை வடக்குச் சுவரில் மாட்டச் சொன்னார். ஒருவர் கிழக்கிலிருந்து மேற்காகவும் இன்னொருவர் மேற்கிலிருந்து கிழக்காகவும் நடந்துகொண்டே, "உன்னையும் பார்க்கிறதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்தது. கடவுளின் பார்வையை விளக்குவதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. என்னைப் பொறுத்தவரை முதல் தரமான பரிசோதனையும் அதுதான். படத்தின் கண் நிஜமாகவே நகர்ந்தால், எதிரெதிராகப் போகிற இரண்டு பேரையும் அது தொடர முடியாது. ஆக, படத்தில் எதுவும் நகரவில்லை. உங்கள் முகப்பிலும் இரண்டு பேரப்பிள்ளைகளை இரண்டு மூலையில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

எதுவும் நகரவில்லை என்பதுதான் விஷயமே. அதை விளங்கிக்கொள்ள வாசலுக்குப் போவோம். செட்டிநாட்டு வீடுகளின் முகப்புக்கு மேலே சுதையில் செய்த லட்சுமி உட்கார்ந்திருப்பாள், இல்லையா? தெருவில் அவளைப் பார்த்தபடியே நடந்து போங்கள். நேர் எதிரே நிற்கும்போது இரண்டு காதும் தெரியும். பத்தடி தள்ளிப் போனால் தூரத்துக் காது மறைந்துவிடும். இன்னும் நகர்ந்தால் மூக்கு அந்தப் பக்கக் கன்னத்தை மறைக்கும், அப்புறம் ஒரு கண்ணே காணாமல் போகும். நீங்கள் நகர்ந்ததை அவளுடைய முகம் ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவள் தெருவின் எதிர்ச்சாரியைத்தான் பார்க்கிறாள், நம்மை இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது உள்ளே வந்து ஐயா படத்துக்கு முன்னால் நில்லுங்கள். நேரே நிற்கும்போது இரண்டு காதும் தெரிகிறது. எத்தனை தூரம் பக்கவாட்டில் போனாலும் இரண்டு காதும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். தட்டையான பரப்பில் ஒன்று இன்னொன்றை மறைக்க வழியில்லை. மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கன்னத்துக்கு இடமில்லை. ஓவியர் எதைக் காட்டினாரோ அது எப்போதும் தெரியும், எதை மறைத்தாரோ அது எப்போதும் மறைந்தே இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணில் நடக்கிற கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? கருவிழிக்கு இடப்பக்கம் எவ்வளவு வெள்ளை, வலப்பக்கம் எவ்வளவு வெள்ளை என்று ஒப்பிட்டுத்தான். நம்மை அறியாமலே கண நேரத்தில் செய்துவிடுகிறோம். ஆள் அளவுக்கு வரைந்த படத்தில் ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். நடுவே 12 மில்லிமீட்டர் கருவிழி, இந்தப் பக்கம் 9 மில்லிமீட்டர் வெள்ளை, அந்தப் பக்கமும் 9. இரண்டும் சமம், ஆகவே நம்மைப் பார்க்கிறார். இப்போது பக்கவாட்டில் 60 டிகிரி நகர்ந்துவிடுகிறோம். சாய்வாகப் பார்ப்பதால் படத்தின் அகலம் பாதியாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த கோசைன் 60 இதுதான். கருவிழி 6 ஆகிவிட்டது. வெள்ளை? இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கமும் நாலரை. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் சமமாக இருந்தவை சமமாகவே இருக்கின்றன. அப்படியானால் இன்னமும் நம்மையே பார்க்கிறார்! (கிட்டத்திலிருக்கும் பாதி இம்மியளவு பெரிதாகத் தெரியும்தான். ஏழெட்டு அடி தள்ளி நிற்கிறவருக்கு அது பொருட்டே இல்லை.)

உயிருள்ள ஒருவர் நேராகப் பார்த்தபடி நிற்கும்போது நாம் அதே 60 டிகிரி நகர்ந்தால் நடப்பதே வேறு. கண் ஓர் உருண்டை. கருவிழி அதன் தூரத்து ஓரத்துக்குப் போய்விடும், நம் பக்கத்து வெள்ளை அகலமாகும், அந்தப் பக்கத்து வெள்ளை அநேகமாக மறைந்துவிடும். "என்னைப் பார்க்கவில்லை" என்று மூளை உடனே தீர்ப்பு எழுதிவிடும். ஐயா படத்தில் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமே கிடைக்காது.

மேலும் கீழும் இதே கதைதான். செட்டிநாட்டு வீடுகளில் படங்களை உயரத்தில், கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டுவார்கள். அண்ணாந்து பார்த்தால் முகம் உயரவாட்டில் சுருங்குகிறது. ஆனால் இமைக்கும் கருவிழிக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. அதனால்தான் எட்டடி உயரத்தில் இருக்கிறவர் நம் தலைக்கு மேலே பார்க்காமல், கீழே நிற்கிற ஐந்து வயதுப் பையனையே பார்க்கிறார்.

சரி, படம் பாதி அகலமாகச் சுருங்கினால் ஐயா ஒடுங்கிப்போன முகத்தோடு அல்லவா தெரிய வேண்டும்? தெரிவதில்லை. இங்கேதான் மூளை இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. மரச்சட்டத்தையும் கண்ணாடியின் மினுக்கத்தையும் சுவரையும் வைத்து, "இது சாய்வாகத் தெரிகிற ஒரு பலகை" என்று கணித்து, சுருக்கத்தைக் கழித்துவிடுகிறது. ஐயாவின் முகம் ஐயாவின் முகமாகவே தெரிகிறது. ஆனால் படத்துக்கு உள்ளே இருக்கிற ஆழத்துக்கு, அதாவது மூக்கு முன்னால், காது பின்னால் என்கிற கற்பனை ஆழத்துக்கு, அந்தக் கழித்தல் நடப்பதில்லை. 2004-ல் கோண்டரிங்க், டாட் முதலான ஆய்வாளர்கள் ஒரு மனித உடலின் படத்தைத் திரையில் காட்டி, எந்த இடம் கிட்டே தெரிகிறது, எந்த இடம் தள்ளித் தெரிகிறது என்று பார்ப்பவர்களைக் குறிக்கச் சொன்னார்கள். நேரே நின்று பார்த்தாலும் சாய்வாக நின்று பார்த்தாலும் பெரும்பாலும் அதே இடங்களையே குறித்தார்கள். படத்தின் உள்ளுலகம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்காமல் பார்ப்பவரோடு சேர்ந்து திரும்புகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறெங்கோ பார்க்கிற படம் எங்கே போனாலும் நம்மைப் பார்க்காது. ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து வந்த வெள்ளி ரூபாயில் விக்டோரியா ராணி பக்கவாட்டு முகத்தோடு இருப்பார். அந்த நாணயத்தை எப்படித் திருப்பினாலும் அவர் பார்வையில் நாம் விழ முடியாது. முகலாய ஓவியங்களில் ஜஹாங்கீரும் அப்படித்தான். இன்னும் வேடிக்கை, உலகமே இந்த விளைவுக்குப் பெயர் வைத்த மோனாலிசாவும் நம்மைப் பார்க்கவில்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட்மான், லோத் என்ற இருவர் 2019-ல் அளந்து சொன்னார்கள்: அவள் பார்வை நம் வலப்பக்கமாகச் சுமார் 15 டிகிரி தள்ளிப் போகிறது. ஏறக்குறைய 5 டிகிரிக்குள் இருந்தால்தான் "என்னைப் பார்க்கிறாள்" என்று தோன்றும்.

கண்ணை மட்டும் வைத்து மூளை முடிவுக்கு வருவதில்லை என்று 1824-லேயே காட்டியவர் வில்லியம் வொல்லஸ்டன். லண்டனின் பெயர்பெற்ற உருவப்பட ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவருக்காகக் கண்களை வரைந்து கொடுத்தார். அதே கண்களுக்குக் கீழே, மூக்கு வேறு பக்கம் திரும்பிய முகத்தை மடிப்புத் தாளில் ஒட்டினார் வொல்லஸ்டன். கண்ணில் ஒரு கோடுகூட மாறவில்லை, பார்வை மட்டும் திசை மாறியது! முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்வையைக் கணிக்கிறோம்.

இந்த வொல்லஸ்டன் உண்மையில் வேதியியலாளர். பல்லேடியம், ரோடியம் இரண்டையும் கண்டுபிடித்தவர். பிளாட்டினத்தைப் பதப்படுத்தும் வழியைக் கண்டு அதில் நன்றாகச் சம்பாதித்தார், அந்தக் காசில் தனக்குத் தோன்றிய கேள்வியை எல்லாம் ஆராய்ந்தார். படத்தின் கண் ஏன் தொடர்கிறது என்று கேட்பதால் என்ன லாபம் என்று அவரிடம் கேட்க ஆளில்லை. இன்று நம் ஊரில் ஒரு ஆராய்ச்சி மாணவி இதே கேள்வியோடு நிதி கேட்டு விண்ணப்பித்தால், "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும். எனக்கு இது பெரிய வருத்தம். காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வறண்ட பூமிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். கண்ணும் மூளையும் எப்படிப் பார்க்கின்றன என்று ஆராய்வதற்கு அப்படி ஒரு கை நீள வேண்டும். அரசு நீட்டினாலும் சரி, தனியார் நீட்டினாலும் சரி.

நேரே பார்க்கிற முகங்களை வரைவது எங்கும் எப்போதும் இருந்த பழக்கம் இல்லை. எகிப்தில் ஃபாயூம் பகுதியில் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் மம்மிகளின் மேல் வைத்த படங்கள் பெரிய விழிகளோடு நேரே பார்க்கின்றன. ஐரோப்பாவில் 1433-ல் யான் வான் ஐக் வரைந்த சிவப்புத் தலைப்பாகைக்காரர் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். எண்ணெய் வண்ண உருவப்படம் நம் பக்கம் பரவியதில் திருவாங்கூர் அரண்மனைக்கும் பங்கு உண்டு. 1868-ல் அங்கே வந்த தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றவர் இளம் ரவிவர்மா. 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டுச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். சில வீடுகளில் அந்த அச்சுப் படத்துக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்த சேலை இன்னும் மின்னுகிறது.

வீட்டு மனிதர்களின் படங்களுக்கு முக்கியமான காரணம் கேமரா. போட்டோவைப் பெரிதாக்கி அதன் மேலேயே வண்ணம் தீட்டுவார்கள், அல்லது போட்டோவைப் பார்த்துத் திரைச்சீலையில் வரைவார்கள். போட்டோக்காரர் முன் உட்கார்ந்தவர் லென்ஸைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்த கண், படத்தைப் பார்க்கிற எல்லோரையும் பார்க்கும். ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து லேவாதேவி செய்ய, போன ஏஜெண்டுகளுக்கு மூன்று வருஷப் பணித் தவணை என்பது வழக்கம். போனவர் திரும்பும்வரை, சிலர் திரும்பாமலே போனபோதும், முகப்பிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டது படம்தான். அந்த வீடுகளில் அப்பத்தாக்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசியதில் எனக்கு வியப்பே இல்லை.

அந்தப் பார்வைக்கு ஏன் இத்தனை வலு? மற்ற குரங்கினங்களோடு ஒப்பிட்டால் மனிதக் கண்ணில் வெளியே தெரிகிற வெள்ளை மிக அதிகம் என்று 1997-ல் கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கே பார்க்கிறோம் என்பதை மறைக்காத கண் நமக்கு. பிறந்து ஐந்து நாளுக்குள் இருக்கிற சிசுவே, விலகிப் பார்க்கும் முகத்தைவிடத் தன்னை நேரே பார்க்கும் முகத்தை அதிக நேரம் பார்க்கிறது என்று 2002-ல் ஃபரோனி குழுவினர் கண்டார்கள். நம் ஸ்தபதிகள் சிலையில் கண் திறப்பதைக் கடைசியில் வைத்ததும், புது வீட்டுக்கு முன்னால் முழியை உருட்டுகிற திருஷ்டி படத்தை மாட்டுவதும் இந்த வலுவை அறிந்துதான். திருஷ்டி கழிகிறது என்பதை நான் நம்பவில்லை. தெருவில் போகிறவர் ஒரு நொடி நின்று திரும்புவார் என்பதை முழுசாக நம்புகிறேன்.

வாஸ்து என்று சொல்லி இறக்கப்பட்ட படங்கள் எங்கே போகின்றன என்று தெரிய வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் வாருங்கள். பழம்பொருள் கடைகளில் பெயர் தெரியாத ஐயாக்களும் ஆச்சிகளும் விலைக்கு நிற்கிறார்கள். நல்ல தூரிகை வேலை. கண்மணியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார்கள். ஸ்டூடியோ ஜன்னல் வெளிச்சம் அது. அதை விரலால் மறைத்தால் கண் உடனே உயிர் இழந்துவிடும். இவர் யார், எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லத்தான் ஆளில்லை. எந்த மனையடி சாஸ்திரமும் இந்த இழப்பை ஈடுகட்டாது.

ஆச்சி, பிள்ளைகளின் பயத்துக்கு ஒரு வழி: அவர்களில் ஒருவரை லென்ஸைப் பார்க்கச் சொல்லி போனில் படம் எடுங்கள், போனை மேஜையில் நிறுத்திவிட்டுச் சுற்றி வரச் சொல்லுங்கள். தங்கள் முகமே தங்களைத் தொடர்வதைப் பார்த்தால் ஐயாவின் மேல் பழி போட மாட்டார்கள். இறக்கித் துடைக்கும்போது ஈரத்துணி வேண்டாம், எண்ணெய் தடவவே கூடாது. சந்தனமும் குங்குமமும் கண்ணாடி போட்ட படத்துக்கு மட்டும், அதுவும் கண்ணாடியின் மேல். இறக்கிய கையோடு அவர் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்பக்க மரச்சட்டத்தில் எழுத வேண்டும், திரைச்சீலையில் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் வண்ணம் வெடித்துவிடும்.