ஆடியிலும் மார்கழியிலும் கேமராவுக்கு வேலை கொடுங்கள்

கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குச் சில சீசன்கள் போனதும் ஒரு நிலை வரும். மாலை மாற்றுவது, அம்மி மிதிப்பது, தாலி கட்டுவது என எதுவானாலும் கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கால் பழைய இடத்தில் போய் நின்றுவிடும். அங்கே நின்றால் என்ன படம் வரும் என்பது தெரியும், அதுதான் வரும். கல்யாண வீட்டார் போனில் காட்டும் ரெஃபரன்ஸும் அதே படம்தான். யாருக்கும் குறை இல்லை, பணமும் வருகிறது. ஆனால் நாலு ஆல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள், முகங்கள் மட்டும்தான் மாறியிருக்கும்.

இந்த நிலையில் என்னிடம் வரும் தம்பிகள் புது லென்ஸ் வாங்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். யாரும் கேட்காத, யாரும் காசு தராத ஒரு வேலையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கல்யாணத் தொழிலில் அதற்குத் தோதாக ஆடியும் மார்கழியும் இருக்கின்றன.

பெரிய கலைஞர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். வோக் பத்திரிகைக்குப் பல்லாண்டுகள் ஃபேஷன் படம் எடுத்தவர் இர்விங் பென். 1972-ல் அவர் நியூயார்க் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, ஒரு மாடல் அழகிக்குக் காட்டும் அதே அக்கறையோடு படமாக்கினார். 1975-ல் அவை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. பிராக் நகரில் வாழ்ந்த புகைப்படக்காரர் ஜோசப் சூடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-ல் தொடங்கி 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, அதற்கு வெளியே ஒரு வளைந்த மரம். அவ்வளவுதான் விஷயம், பதினாலு வருஷம்.

இரண்டு பேருமே விஷயத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். ‘எங்கள் ஊர் வாழ்க்கை’ என்று தலைப்பு வைத்தால் ஒன்றும் நடக்காது. ‘எங்கள் தெரு வாசல் கோலம், ஒரே லென்ஸ், மார்கழி முடியும்வரை’ என்று வைத்துப் பாருங்கள், இரண்டாம் நாளே கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். 35 எம்எம் பிரைம், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ், இருந்தால் போதும். ஜூம்தான் இருக்கிறதென்றால் வளையத்தை 35-ல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

கோலத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே நின்று நேராகக் கீழே பார்த்து எடுக்கும் படம் எல்லோரிடமும் உண்டு. அது தீர்ந்த பிறகுதான் மற்றவை தெரியும். விடிவதற்கு முன், வாசல் விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/30 நொடி வைத்துப் பாருங்கள். விரலிடுக்கிலிருந்து விழும் மாவு தனித்தனித் துகளாக இல்லாமல் ஒரு வெள்ளை நூலாக இறங்கும். சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்துக்கு வெயில் தரையோடு தரையாக வரும். அப்போது ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய நிழல் விழுந்து மாவின் மேடு தெரியும். வெயில் ஏறிவிட்டால் கோலம் சப்பையாகிவிடும், அதன் மேல் பைக்கும் ஏறிவிடும்.

கேட்டுவிட்டு எடுங்கள். “அக்கா, கோலம் போடும்போது ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்றால் பெரும்பாலும் “இருப்பா, முடிச்சிடறேன், அப்புறம் எடு” என்பார்கள். முடிந்த கோலத்தை மரியாதைக்கு ஒரு படம் எடுங்கள். அடுத்த நாளும் போய் நில்லுங்கள். பழகியபின் பாதிக் கோலத்திலேயே விட்டுவிடுவார்கள். புள்ளிகள் வைத்தாகிவிட்டது, இழை பாதி சுற்றியிருக்கிறது, கை அடுத்த வளைவை யோசிக்கிறது. எனக்குப் பிடித்த படங்கள் அங்கேதான் கிடைத்தன.

இதன் பலன் தை முகூர்த்தத்தில் தெரிந்தது. கைகளையே பார்த்துப் பழகிய கண், தாலி முடிச்சைப் பின்னாலிருந்து போடும் நாத்தனார் விரல்களையும், மகளின் கூந்தலை ஒதுக்கிப் பிடிக்கும் அம்மாவின் கையையும் தானாகத் தேடிப் போயிற்று. அந்த வீட்டார் ஆல்பத்தில் பெரிதாகப் போடச் சொன்னதும் அந்தப் படத்தைத்தான்.

ஒரு வருஷம் தினமும் ஒரு படம் என்ற சவாலை மட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை. முதல் மாதம் ஆசையாகப் போகும். அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்குக்காக டீ கிளாஸை எடுத்துவிட்டுப் படுப்பார்கள். விஷயம் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் இருந்தால் அது இன்னொரு ஆர்டர்தான்.

எடுக்கும்போதே இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். எதற்கு லைக் வருகிறதோ, அடுத்த நாள் கை அதையே எடுக்கும். எல்லாம் முடிந்த பிறகு லேபில் சின்ன சைஸ் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே மாதிரி இருப்பவற்றை எடுத்துவிட்டால் பத்தோ பதினைந்தோ மிஞ்சும். அவற்றை ஒரு நாள் சுவரில் ஒட்டி வையுங்கள். எந்த வீட்டு வாசலில் எடுத்தீர்களோ அந்த வீட்டுக்கும் ஒரு பிரிண்ட் கொடுங்கள். அடுத்த மார்கழிக்கும் அதே தெருவுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.