சிறப்புக் கல்வி: இணையத்தில் கிடைப்பதைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

சிறப்புக் கல்விக்கு இணையத்தில் ஒன்றுமே இல்லை என்று இன்று யாரும் குறைப்பட முடியாது. வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் பிடிஎஃப்களே கைப்பேசியை நிரப்பிவிடுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பிள்ளையின் கைக்கும் போய்ச் சேருவதில்லை. பிள்ளை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் தேட உட்காருவதுதான் காரணம்.

"ஆட்டிசம் வொர்க்‌ஷீட்" என்று தேடினால் ஆயிரம் வரும். "இரண்டு பொருள்களில் வேண்டியதைக் கைகாட்டிக் கேட்பது" என்ற இலக்கோடு தேடினால், எதை எடுப்பது, எதை விடுவது என்று உடனே தெரிந்துவிடும். அந்த இலக்கு பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தில் (ஐ.இ.பி.) இருக்க வேண்டும். பெற்றோரிடம் அதன் நகல் இல்லையென்றால் சிறப்பாசிரியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எந்தத் திறன்கள் வந்திருக்கின்றன என்று பார்க்க, சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். அளவீட்டில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள் எளியதிலிருந்து கடினமானதுக்கு வரிசையாக இருக்கின்றன. ஒரு பிரிவில் பிள்ளை கடைசியாகத் தேறியது எதுவோ, அதற்கு அடுத்ததற்குத்தான் இப்போது பொருள் தேட வேண்டும்.

பேச்சு இன்னும் வராத பிள்ளைக்கு முதலில் வேண்டியது, படத்தைத் தொட்டுக் காட்டித் தன் தேவையைச் சொல்ல உதவும் படப் பலகை. ஸ்பெயின் நாட்டின் அரகோன் பகுதி அரசு நடத்தும் அராசாக் தளத்தில் 10,000-க்கும் மேற்பட்ட படக்குறிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தேடலாம். தோல் நிறம், முடி நிறம், பின்னணி ஆகியவற்றை பதிவிறக்கும் முன்பே மாற்றிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, தளத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும். இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 செ.மீ. வரும். பலரும் தடுக்கி விழுவது அந்த ஆறில் எதை வைப்பது என்பதில்தான். பிஸ்கட், சிப்ஸ், போன், பந்து என்று நிரப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பொருள் கேட்க மட்டுமே வழி கிடைக்கிறது. மறுக்கவோ நிறுத்தச் சொல்லவோ வழி இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளை கடித்தும் தட்டிவிட்டும்தான் சொல்லும். ஆகவே முதல் ஆறு: வேணும், வேணாம், இன்னும், போதும், உதவி, போலாம். சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் குளியலுக்கும் இதே ஆறு சொற்கள் போதும்.

படத்துக்கு மேலே சொல்லை எழுதுங்கள். கீழே எழுதினால் தொடும்போது கை மறைத்துவிடும். வீட்டில் 'தண்ணி' என்றால் பலகையிலும் 'தண்ணி'தான் இருக்க வேண்டும். படக்குறி புரியாத பிள்ளைக்கு உங்கள் வீட்டு டம்ளரையே வெறும் வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் படமெடுத்துப் போடலாம். லேமினேஷன் மங்கலான வகையாக இருக்கட்டும். பளபளப்பான தாள் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடிபோல மின்னி, படத்தையே மறைக்கும். தனி அட்டைகளாகச் செய்தால் முதலில் வெட்டி, பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 4 மி.மீ. ஓரம் விட்டு நறுக்க வேண்டும். மூலைகளை வளைத்துவிட வேண்டும். ஓரம் விடாமல் நறுக்கினால் எச்சிலும் தண்ணீரும் உள்ளே போய் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். பலகை ஒன்றோடு நிறுத்தாமல், வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பையில் வைக்க ஒன்று என மூன்று நகல் வேண்டும். மூன்றிலும் ஒரே சொல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கை இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பலகை தயாரானதும் "போதும் எங்கே, காட்டு" என்று பரீட்சை வைக்கத் தொடங்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொட்டுக் காட்டுங்கள். தோசை ஊற்றிக்கொண்டே "இன்னும் வேணுமா?" என்று கேட்டு 'இன்னும்' படத்தைத் தொடுங்கள், பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். காத்திருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தவைத்தால் அது உங்கள் பதிலே தவிர, பிள்ளையின் பதில் ஆகாது. படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

ஆறு சொற்கள் பழகியபின் செயலிக்குப் போகலாம். படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. பணம் கட்டும் முன் சோதனைக் காலத்தில் பயன்படுத்திப் பாருங்கள். திரையை ஒரே செயலியில் நிறுத்திவைக்க, ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் வசதியைப் போட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளை நேரே யூடியூபுக்குப் போய்விடும்.

வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளின் கதை வேறு. டிஸ்லெக்சியா என்று தேடினால் வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கான பயிற்சி: பி எழுத்தையும் டி எழுத்தையும் திருப்பிப் போடும் குழப்பம் போன்றவை. தமிழ் வாசிக்கும் பிள்ளையின் சிக்கல் அங்கே இல்லை. 'கெ, கே, கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ, கோ' இரண்டிலும் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இவற்றோடு ன-ண-ந, ல-ள-ழ குழப்பம். இவற்றுக்கான பயிற்சியை நாமேதான் செய்தாக வேண்டும். கொம்பை ஒரு நிறத்திலும் மெய்யை வேறு நிறத்திலும் அச்சிட்ட அட்டைகள் நல்ல தொடக்கம்.

கதைகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015-இல் தொடங்கியது, தமிழ்க் கதைகள் நிறைய, நான்கு நிலைகளில். உரிமம் திறந்தது என்பதால் கணக்குத் தொடங்கிக் கதையை எளிமைப்படுத்திப் புதிய நிலையில் வெளியிடவும் முடியும். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், 24 புள்ளி எழுத்து, சேர்த்தெழுதிய சொற்களைப் பிரிப்பது ஆகிய மூன்றையும் செய்தாலே பல பிள்ளைகள் தயங்காமல் படிக்கத் தொடங்குவார்கள். அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம்; 100 சதவீதத்தில் எடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வருவோம். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில், அச்சு நூல்களைப் படிக்க முடியாதவர்கள் உறுப்பினராகலாம். கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். ஆனால் ஆசிரியர்கள் அனுப்பும் கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருந்தாலோ, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தாலோ ஒன்றும் கேட்காது, அல்லது உளறலாகக் கேட்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்கேன் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும், 2 எம்.பி.க்குள் இருப்பது நல்லது. ஒருமுறை படித்துப் பிழை திருத்தாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

காது கேளாத பிள்ளைக்கு, மத்திய அரசின் இந்திய சைகை மொழி அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. பள்ளியில் புழங்கும் சைகையோடு ஒப்பிட்டுவிட்டுப் பழக்குங்கள்.

எந்தப் பொருளானாலும் இரண்டு வாரம் கொடுங்கள். நாளுக்குப் பத்து வாய்ப்பு. தானாகச் செய்தால் கூட்டல் குறி, உதவியோடு செய்தால் 'உ'. தொடர்ந்து மூன்று நாள் எட்டுக் கூட்டல் வந்தால் அடுத்த திறனுக்குப் போகலாம். வராவிட்டால் புதுப் பொருள் தேடும் முன் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள்.

இணையத்தில் சோதனைத் தாள்களும் கிடைக்கும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பார்க்கும் எம்-சாட்-ஆர் என்ற 20 கேள்விகள் அவற்றில் ஒன்று. 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் தொடர் கேள்விகள் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் காத்திராமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அந்த எண்ணை வைத்து ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது.

ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசம் குணமாகும் என்ற விளம்பரமும் அதே திரையில்தான் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ஆட்டிசத்துக்கு அதை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆன்லைனில் வகுப்பெடுக்க முன்வரும் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் சி.ஆர்.ஆர். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் தளத்தில் சரிபாருங்கள். எண் தர மறுப்பவருக்குப் பிள்ளையின் வீடியோவையோ யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் படத்தையோ அனுப்பாதீர்கள்.