தொங்கும் கதவும் தேய்ந்த கீலும்

பழைய அம்பாசடர் ஒன்று பட்டறைக்கு வந்தால், உரிமையாளர் இன்ஜினைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் ஓட்டுநர் பக்கக் கதவை ஒரு சாண் அளவு திறந்து, அதன் பின்முனையை இரு கைகளாலும் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. இன்று ஓடுபவற்றில் பல, முப்பது நாற்பது ஆண்டுகளாகத் திறந்து மூடப்பட்ட கதவுகளைச் சுமப்பவை. தூக்கும்போது கதவு ஏறி இறங்கினால், "லாக் சரியில்லை, கொஞ்சம் தட்டிவிடுங்கள்" என்று உரிமையாளர் சொல்லும் குறை பெரும்பாலும் லாக்கில் இருப்பதில்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஒருவர் கதவைத் தூக்கி இறக்க, மற்றவர் கீலின் மீது விரலை வைத்துப் பார்த்தால் போதும். கீலின் இரு பாதிகளையும் இணைக்கும் கம்பியான பின் (pin) தன் துளைக்குள் அசைந்தால் அது தேய்மானம்; கீல் முழுவதும் அசைந்தால் திருகுகள் தளர்ந்துள்ளன; கீல் பொருந்தியிருக்கும் தூணான பில்லரின் தகடே உள்வாங்கி வெளிவந்தால் அது துரு. துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்காமல் கீலுக்குச் செய்யும் செலவு வீண்.

இவ்வளவு சிறிய தேய்மானத்துக்குக் கதவு ஏன் இவ்வளவு தொங்குகிறது என்று பலர் வியப்பதுண்டு. 90 செ.மீ. நீளக் கதவு, 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கீல்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீல் வெளிப்பக்கமாகவும் கீழ்க் கீல் உட்பக்கமாகவும் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே, கதவின் பின்முனை 3 மி.மீ. இறங்கிவிடும். கதவின் எடை 20 கிலோ என்றால் அது மேல் கீலை ஏறத்தாழ 30 கிலோ விசையுடன் எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். இறங்கும்போது கதவின் விளிம்பில் 30 கிலோ அளவுக்குச் சாய்ந்து எழுபவர் அதனுடன் மேலும் 90 கிலோவைச் சேர்க்கிறார். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நான் அஞ்சுவது தேய்மானத்தை விட, அதற்குச் செய்யப்படும் குறுக்குவழிகளை. கீலின் இடுக்கில் மரக்கட்டையைச் செருகிக் கதவை அழுத்தி நெம்புவது ஒன்று. கதவு அப்போதைக்கு நிமிர்ந்துவிடும்; வளைந்தது கீலா, பில்லரா, கதவுச் சட்டமா என்பது நெம்பியவருக்கே தெரியாது. வண்டிச் சட்டத்தில் லாக் வந்து கவ்வும் பாகமான ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கித் தொங்கும் கதவுக்குப் பொருத்துவது மற்றொன்று. லாக்கின் நாக்கு பாதியே கவ்விய நிலையிலும் கதவு மூடியதுபோலத் தோன்றும் என்பதால் இதுவே ஆபத்தானது. அப்படி ஒட்டுப் போட்ட வண்டி ஒன்றில், திருப்பத்தில் கதவு திறந்துகொண்டதை ஓட்டிப் பார்க்கும்போது நானே கண்டேன். அந்த இருக்கையில் சீட் பெல்ட்டும் இல்லை.

முறையான வேலைக்கு, சாக்கு சுற்றிய மரப்பலகையின் மேல் கதவை ஜாக்கால் தாங்கவைத்து, கீலின் விளிம்பைச் சுற்றிக் கோடு கீறிக்கொண்ட பிறகே திருகுகளைத் தொட வேண்டும். இறுகிய பின்னுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவைத்து, கீலுக்குப் பின்னால் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துத் தட்டினால் கீல் விரிசல் விடாது. பின்னை மட்டும் மாற்றுவது பயனற்றது. துளை வட்டமாக இராமல் நீள்வட்டமாகியிருக்கும். கீலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, துளையைச் சீராக்கும் கருவியான ரீமரை ஒரே நேர்க்கோட்டில் ஓட்டி, சற்றுப் பருமனான பின்னை லேத்தில் கடைந்து போட வேண்டும். டிரில் பிட் இங்கே உதவாது; ஏற்கெனவே கோணிய துளையை அது மேலும் இழுக்கும். தேய்மானம் மிகுதியென்றால் துளையைப் பெரிதாக்கி கன்மெட்டல் என்னும் வெண்கலக் கலவையாலான உள்வளையத்தை (புஷ்) அழுத்திவிடலாம். அடுத்த முறை புஷ்ஷை மாற்றினால் போதும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கீல் வாங்கி வருபவர்கள், அதுவும் இன்னொரு தொங்கிய கதவிலிருந்து கழன்றதாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கீறிய கோட்டில் கீலைப் பொருத்தி, சுற்றிலும் இடைவெளி சீரானபின், எல்லாவற்றுக்கும் கடைசியாகவே ஸ்ட்ரைக்கரைத் தொடுவேன். ஒரு விரலால் தள்ளிய கதவு தூக்கப்படாமலும் உரசாமலும் ஸ்ட்ரைக்கருக்குள் நேராக நுழைந்தால்தான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பேன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கீல் பின்னின் தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும்படி உரிமையாளரிடம் சொல்லி அனுப்புவேன்.