நம்பகத்தன்மையா, மெய்ம்மையா?

மரபிடங்களையும் சுற்றுலாத் தலங்களையும் பற்றிய மொழிபெயர்ப்புகளில், மூலத்தில் ‘ஆதென்டிசிட்டி’ (authenticity) என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘நம்பகத்தன்மை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘இந்நகரம் தன் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது’ என்று படிப்பவர், நகரம் யாரிடமோ கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை போலும் என்றே எண்ணுவார்.

கிரேக்கத்தில் தோன்றி லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லுக்கு, உரியவரிடமிருந்தே வந்தது, ஆகவே அதிகாரம் உடையது என்பது பழம்பொருள். நம்பகமோ பார்ப்பவர் மனத்தைச் சேர்ந்தது. போலியும் நம்பத்தக்கதாக இருக்கலாம். தேர்ந்த போலிக்கு இலக்கணமே அதுதான். அன்றியும், ஒரு மரபிடத்தின் மதிப்புகளைப் பற்றிய தகவல் மூலங்கள் நம்பத்தக்கவையா என்பதைப் பொறுத்தே அதன் ‘ஆதென்டிசிட்டி’யை எடைபோட முடியும் என்கிறது மரபிடங்களின் ‘ஆதென்டிசிட்டி’ பற்றி வல்லுநர்கள் ஜப்பானின் நாரா நகரில் கூடி வகுத்த 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம். இரண்டு கருத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால், நம்பகத்தன்மையை நம்பகத்தன்மையால் அளக்க வேண்டும் என்றாகி, வாக்கியமே வெறும் கூறியது கூறலாகிவிடும். இதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

‘அசல்தன்மை’ இதைவிட மேல். அசல் அரபுச் சொல் என்பது எனக்குத் தடையன்று. அசலும் வட்டியும் என்று பேசிப் பழகிய நமக்கு அது வீட்டுச் சொல்லே. ஆனால் அசல் என்றவுடன் நகல் எதிரே வந்து நிற்கிறது. ஜப்பானின் இசே திருத்தலத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தால் முற்றிலும் மீண்டும் எழுப்புகிறார்கள். 2013இலும் அப்படியே செய்தார்கள். மரம் புதிது, முறை பழையது. அதை நகல் என்போமா? இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் தரைமட்டமாக்கப்பட்டு, பழைய ஓவியங்களின் துணையோடும் மீட்டுக் கட்டப்பட்ட, போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தை யுனெஸ்கோ 1980இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததை அசல், நகல் என்னும் இரண்டு பெட்டிகளுக்குள் அடைக்க முடியாது.

எனவே ‘மெய்ம்மை’ என்பதே என் தேர்வு. மெய் என்பது உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். ஒரு மரபிடத்தில் கல்லையும் மரத்தையும் பார்க்கிறோம், அங்கு வாழும் வழக்கத்தையும் பார்க்கிறோம். மெய்யியலார் இச்சொல்லை வேறு பொருளில் ஆள்கிறார்களே என்றால், இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தமிழருக்குத் தெரியும்.

உணவகப் பலகைக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. ‘நம்பகமான செட்டிநாட்டு உணவு’ என்றால் வயிற்றைக் கெடுக்காது என்றுதான் பொருள்படும். அங்கே ‘அசல் செட்டிநாட்டுச் சமையல்’ என்பதே போதும்.