அண்ணன் தங்கைப் பூனைகள் இணைந்தால் குட்டிகளுக்கு என்ன ஆகும்?

ஒரே ஈற்றில் பிறந்த பூனைக்குட்டிகள் உறவுமுறை பார்ப்பதில்லை. நான்கு மாதத்திலேயே பெட்டைக்குட்டி பருவத்துக்கு வந்துவிடலாம். கூடப்பிறந்த கடுவனும் அதிகம் பின்தங்காது. மகன் தாயோடு சேர்வதும் சகஜம்தான். அப்படிப் பிறக்கும் முதல் ஈற்றுக் குட்டிகள் பெரும்பாலும் கொழுகொழுவென்றே இருக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று வளர்ப்பவர் நிம்மதியடைகிறார். ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டால் அந்த நிம்மதி நிலைக்காது.

பூனைக்கு 19 ஜோடி குரோமோசோம்கள். ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகின்றன. ஒடுங்கு பண்புள்ள நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதானால்தான் நோய். பார்வைக்கு ஆரோக்கியமான பூனையும் இப்படிச் சில பழுதுகளைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது.

ஒரு பழுதை 50 பூனைகளில் ஒன்று சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இரு பூனைகள் சேர்ந்தால், பிறக்கும் குட்டிக்கு நோய் வர 10,000-இல் ஒரு வாய்ப்பு. கூடப்பிறந்தவை சேர்ந்தால் அது சுமார் 400-இல் ஒன்றாகிவிடும். ஏறத்தாழ 25 மடங்கு, அதுவும் ஒரே ஒரு பழுதுக்கு.

இனி ஒரு குடும்பத்துக்குள் பார்ப்போம். பெற்றோரில் ஒன்று பழுதைச் சுமந்தால், அண்ணன் தங்கை இரண்டுமே அதை வாங்கியிருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான். வாங்கியிருந்தாலும் அவற்றின் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்குத்தான் நோய். இரண்டு பங்கு சத்தமில்லாமல் பழுதைச் சுமக்கும். முதல் ஈற்று தப்பிப்பதன் ரகசியம் இதுதான். அந்தக் குட்டிகளையே மறுபடி தங்களுக்குள் சேரவிட்டால்தான் வினை வெளியே தெரியும்.

இந்த நெருக்கத்தை அளக்கும் கணக்கை 1922-இல் மரபியலாளர் சீவல் ரைட் வகுத்தார். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அது; உட்கலப்பு அளவு என்பார்கள். தாய்-மகன், அண்ணன்-தங்கை என்றால் குட்டிக்கு 25 சதவீதம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவானால் 12.5, ஒன்றுவிட்ட உறவுக்கு 6.25. தலைமுறைதோறும் கூடப்பிறந்தவையே சேர்ந்தால் 25, 37.5, 50 என்று ஏறும். விலைக்கு வாங்கும் பூனையின் வம்சாவளிப் பட்டியலில் மூன்று தலைமுறை மட்டும் இருந்தால் அதில் 14 பெயர்கள்தான். போட்டிகளில் வென்ற ஒரே கடுவன் ஆறாம், ஏழாம் தலைமுறையில் பலமுறை தலைகாட்டுவது அதில் தெரியாது. எட்டுப் பத்துத் தலைமுறையாவது கேட்டு வாங்க வேண்டும்.

பர்மீஸ் இனத்தின் ஆணிவேர், 1930-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த வாங் மாவ் என்ற பெட்டை. சயாமீஸ் கடுவனோடு சேர்த்தார்கள். பிறகு அதன் மகனோடே சேர்த்தார்கள். பின்னாளில் அமெரிக்க பர்மீஸ்களில் ஒரு மரபணுப் பழுது பரவியது. ஒரு பிரதி இருந்தால் வளர்ப்பாளர்கள் ஆசைப்பட்ட குட்டை முகம் கிடைக்கும். இரண்டு இருந்தால் முகமும் மண்டையும் உருக்குலைந்து குட்டி பிழைக்காது. அழகென்று தேர்ந்தெடுத்ததே பழுதைப் பெருக்கியது. அபிசீனியன் பூனைகளில் விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் ஒடுங்கு பண்பு நோய் உண்டு. கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பூனை பல ஈற்று குட்டி போட்டிருக்கும்.

பெயருள்ள நோய்களைவிடப் பொதுவான நலிவைக் கவனிப்பதுதான் கடினம்: ஈற்றில் குட்டிகள் குறைவது, எடை குறைந்து பிறப்பது, காரணம் புரியாமல் முதல் வாரத்தில் சாவது, விந்தணுக்கள் கோணலாவது. பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தினம் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறாத நாளே எச்சரிக்கை. நோய் எதிர்ப்பிலும் இதே சிக்கல்: எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே மாதிரி எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தால், ஒன்றை வீழ்த்தும் கிருமி எல்லாவற்றையும் வீழ்த்தும். மரபணு வேறுபாடு மிகக் குறைந்த சிவிங்கிப்புலிகளில் இது நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஒரெகானில் உள்ள ஒரு விலங்குப் பூங்காவில் பரவிய பூனைக் கொரோனா வைரஸ் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது.

கூடுதல் விரலைப் பார்த்ததும் உறவுக் கலப்பு என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது ஓங்கு பண்பு. ஒரு பிரதியே போதும், பெற்றோர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய முடியுமா? முடியும், அதுவும் வேகமாக. உட்கலப்பில் வந்த பூனையை உறவே இல்லாத பூனையோடு சேர்த்தால், குட்டிகளின் உட்கலப்பு அளவு ஒரே தலைமுறையில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 1995-இல் ஃபுளோரிடா பூமாக்களை மீட்க டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டது இதே கணக்கில்தான். ஆனால் பழுதுகள் ஒளிந்துகொள்கின்றனவே தவிர அழிவதில்லை. அதனால் இனப்பெருக்கம் செய்பவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும். பால்குடிக் குட்டியின் வாயில் தாயின் செல்களும் ஒட்டியிருந்து முடிவைக் குழப்பலாம். பால் குடித்த கையோடு மாதிரி எடுக்கக் கூடாது. ஒடுங்கு பண்பு நோயின் பழுதைச் சுமக்கும் பூனையை உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். பழுதில்லாத துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. எல்லாவற்றையும் ஒதுக்கினால் மிச்சமிருக்கும் கூட்டம் சுருங்கி, உட்கலப்புதான் கூடும்.

வீட்டில் ஓர் ஈற்றுக் குட்டிகளை ஒன்றாக வளர்ப்பவர்களுக்கு வழி சுலபம்: நான்காவது மாதத்தில் கருத்தடை, அல்லது அதற்குள் கடுவன்களைத் தனியாகப் பிரிப்பது. தாய் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகலாம் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள். பருவம் வந்த கடுவனுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை விந்தணு மிச்சமிருக்கலாம். அதுவரை பெட்டைகளோடு விடாதீர்கள்.