மார்பகப் புற்றுநோய்: 60 நாள் இலக்கும் வீட்டில் பேச வேண்டியதும்

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் மார்பகப் புற்றுநோய்க்கென ஓர் உலகளாவிய முன்முயற்சியைத் தொடங்கியது. அதை நாடுகள் எப்படிச் செயல்படுத்தலாம் என்ற வழிகாட்டி 2023 பிப்ரவரியில் வந்தது. இந்நோயால் நேரும் இறப்பு விகிதத்தை ஆண்டுக்கு 2.5 சதவீதம் குறைப்பதுதான் நோக்கம். அது நடந்தால் 2040-க்குள் 25 லட்சம் உயிர்கள் பிழைக்கும் என்று நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நடக்கக்கூடியதுதான், வசதி படைத்த நாடுகளில் 1980-களிலிருந்து 2020-க்குள் இறப்பு விகிதம் 40 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், 2022-ல் மட்டும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள்.

திட்டத்தின் இலக்குகள் 60, 60, 80 என்ற மூன்று எண்களில் அடங்கும். கண்டறியப்படும் ஊடுருவும் வகைப் (அதாவது, தொடங்கிய இடத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள திசுவுக்குள் பரவிய) புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களுக்குள்ளேயே பிடிபட வேண்டும். அறிகுறியோடு ஒரு பெண் முதன்முதலில் மருத்துவரிடம் போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாக வேண்டும். மருத்துவர் கையால் பரிசோதிப்பது, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பது எல்லாம் இந்த 60 நாட்களுக்குள் முடிய வேண்டும். நோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும் என்பது மூன்றாவது.

இரண்டாவது இலக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த 60 நாள் எப்போது ஓடத் தொடங்குகிறது? அவள் மருத்துவமனை வாசலை மிதித்த பிறகு. "வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும்" என்று அவள் தனக்குள் வைத்திருந்த மாதங்கள் எந்தக் கணக்கிலும் வராது. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் போன காலத்தை எந்த அரசாணையும் மீட்டுத் தராது. திட்டத்தின் முதல் தூணாக மக்களிடையே விழிப்புணர்வை வைத்திருப்பது இதனால்தான். மார்பகம் என்ற சொல்லைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிற வீட்டில் அந்த மாதங்கள் நாட்களாகச் சுருங்கும்.

இந்தப் பேச்சை மகள் வளரும் வயதிலேயே தொடங்கிவிடலாம். சின்னப் பெண்ணிடம் போய் ஏன் புற்றுநோய் பேச வேண்டும் என்று பெற்றோர் கேட்பது நியாயம். 20 வயதுக்குள் இந்நோய் வருவது மிக மிக அரிது. அதை அவளிடமே முதலில் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்திக் கற்றுக்கொடுத்தது பயத்தைத்தான் வளர்க்கும். அவளுக்கு இப்போது தேவை, தன் உடம்பில் எது இயல்பு என்ற தெளிவு.

பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கும்போது, காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் போல ஒரு கெட்டியான முடிச்சு தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பல பெண்களுக்கு ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்தும் வரும். இது வளர்ச்சி, கட்டி இல்லை. இதைத் தெரியாமல் வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லாததும், மாதவிடாய்க்கு முன் கனத்து வலிப்பதும் இயல்புதான். பதின்ம வயதின் பிற்பகுதியில் விரலுக்குப் பிடிபடாமல் நழுவும் உருண்டைக் கட்டி வந்தால் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக இருக்கும். மருத்துவரிடம் காட்ட வேண்டும், கலங்க வேண்டியதில்லை. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயைவிட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதலில் எடுப்பார்கள். பொதுவாக, மார்பில் தென்படும் கட்டிகளில் 90 சதவீதம் வரை புற்றுநோயாக இருப்பதில்லை.

மாதம் ஒருமுறை குறித்த முறைப்படி சுயபரிசோதனை செய்யச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஷாங்காயில் 2,66,000 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை; தேவையற்ற திசுப் பரிசோதனைகள் கூடின. ஆகவே சிறுமிகளுக்கு அதைப் பாடமாக்குவதில் பயன் இல்லை. குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் தன் உடம்பைப் பார்த்துப் பழகியிருந்தாலே புதிய மாற்றம் கண்ணில் படும்.

எந்த மாற்றம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும், முக்கியமாக அம்மாவும் சித்தியும் பாட்டியும். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, பெரும்பாலும் வலியில்லாமல். தோலில் குழி, சிவப்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு. புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு. காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு. வலி இல்லை என்பது தள்ளிப்போடக் காரணமே இல்லை, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இறுக்கமான உள்ளாடையாலோ அடிபட்டதாலோ இந்நோய் வராது. அருகில் இருப்பவருக்குத் தொற்றவும் தொற்றாது.

குடும்பத்தில் யாருக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் (சினைப்பை) புற்றுநோயோ வந்தது, எந்த வயதில் வந்தது என்பதை எழுதி வையுங்கள். அப்பா வழியையும் சேர்த்து எழுதுங்கள். இந்நோய்களின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் குறைபாடுகள் தந்தையிடமிருந்தும் மகளுக்கு வரும். இந்தப் பட்டியலில் அத்தையை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. நோயாளிகளில் 0.5 முதல் 1 சதவீதம் பேர் ஆண்கள் என்பதால் வீட்டு ஆண்களுக்கும் இந்தப் பேச்சில் இடம் உண்டு. அதேசமயம், குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதும் வயது ஏறியதும் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை.

அம்மாவுக்கு நோய் உறுதியானால், மகளுக்குப் பரிசோதனை எப்போது தொடங்குவது என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். அம்மாவுக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் 10 ஆண்டுகள் முன்பிருந்தே தொடங்கச் சொல்வது பல வழிகாட்டுதல்களில் உள்ள முறை. மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.