படத்தில் பார்த்ததா, புத்தகத்தில் வாசித்ததா?

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கும், பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும் பல வருடங்களாக இலக்கியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். போன தவணை ஒரு மாணவி தன் ஒப்படையைக் கையளிக்க முன் என்னிடம் காட்டினாள். பொன்னியின் செல்வன் பற்றியது. நன்றாகவே எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இடறியது: பழுவேட்டரையர்களோடு சேர்ந்து சதி செய்த மதுராந்தகனுக்கே அருள்மொழிவர்மர் முடியை விட்டுக்கொடுக்கிறாராம்.

அது மணிரத்னத்தின் படத்தில் வருவது. கல்கியின் நாவலில் முடி போவது சேந்தன் அமுதனுக்கு. கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுக்கும் அந்தப் பிள்ளைதான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், அவர் மகனாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் அல்ல என்பது கடைசியில்தான் வெளிவரும்.

"இல்லை மிஸ், வாசிச்ச ஞாபகம் இருக்கு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஐந்து பாகத்தில் மூன்றை வாசித்துவிட்டு, 2022இலும் 2023இலும் வந்த இரண்டு படங்களையும் தியேட்டரில் பார்த்திருக்கிறாள். வாசிக்காத மிச்சத்தைப் படம் நிரப்பிவிட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

முழுதாக வாசித்தவர்களுக்கும் இது நடக்கும். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு வரலாற்றுக் கட்டுரைகளைக் கொடுத்து, அதே விடயத்தைப் பற்றிய திரைப்படக் காட்சிகளையும் காட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களில் ஞாபகம் கூடியது. படம் பிழையாகச் சொன்ன இடங்களிலோ, சரியானதை வாசித்திருந்தும் பலர் படத்தில் வந்ததையே எழுதினார்கள். படத்தில் பிழைகள் இருக்கலாம் என்று பொதுவாக எச்சரித்தது உதவவில்லை. எந்த இடத்தில் என்ன பிழை என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் உதவியது.

அதனால் நான் பிள்ளைகளிடம் படம் பார்க்க வேண்டாம் என்று சொல்வதே இல்லை. பார்த்த அன்று இரவே ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் புத்தகத்தில் உள்ளதையும் மறுபக்கம் படத்தில் மாறியதையும் எழுதச் சொல்கிறேன். நான்கைந்து இடம் போதும். புத்தகத்தை இன்னும் முடிக்கவில்லை என்றால், எந்தப் பக்கம்வரை வாசித்தீர்கள் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை: ஏன் மாற்றினார்கள்? இந்த மாணவியோடு ஒரு பின்னேரம் முழுக்க இதைத்தான் பேசினோம். கல்கி நாவலை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினார். ஒரு பிறப்பு இரகசியத்தை நிதானமாக ஒளித்து வைத்து அவிழ்க்க அவருக்கு இடம் இருந்தது. இரண்டு படமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம்தான். ஆனால் நேரம் மட்டும் காரணமில்லை. நாவலில் அரண்மனையில் வளர்ந்தவன் முடிக்கு அலைகிறான், பூந்தோட்டத்தில் வளர்ந்தவன் வேண்டாம் என்கிறான். பிறப்பா, வளர்ப்பா என்ற கேள்வி அங்கே நிற்கிறது. படம் அதை எடுத்துவிட்டு அருள்மொழியின் தியாகத்தின் மேல் பாரத்தை வைக்கிறது. தனக்கு எதிராகச் சதி செய்தவனுக்கே விட்டுக்கொடுப்பது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பிழையாக எழுதிய அந்த ஒரு வரியிலிருந்து அவளுக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

யூடியூபில் பத்து நிமிடத்தில் கதை சொல்லும் வீடியோக்கள் வேறு ரகம். அவற்றில் பல, படத்தையும் நாவலையும் கலந்தே சொல்கின்றன. ஒப்படைக்கு அவற்றை நம்பவே வேண்டாம்.

புத்தகம் விலை என்று யோசிப்பவர்கள் வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒப்பிட்டு எழுத நம் நாட்டுப் படைப்பு வேண்டுமென்றால், செங்கை ஆழியானின் வாடைக்காற்று நாவல் 1978இல் படமானது என்பதும் நினைவிருக்கட்டும்.

அம்மா அப்பாமாருக்கு ஒன்று. பிள்ளை படம் பார்த்துவிட்டு வந்தால் நேரம் வீணாகிவிட்டது என்று ஏசாதீர்கள். "புத்தகத்தில் இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு விடைத்தாளிலும் எழுத வரும். சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் படத்தைத் திரும்பப் போட வேண்டாம். அந்த வாரம் கோடு போட்ட தாளையும் புத்தகத்தையும் எடுத்து வைத்தால் போதும்.